நெம்புகோலும் முட்டுக்கட்டையும்

திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு என்பது காவிரி நாட்டு மக்களிடையே வழங்கிவரும் பழமொழி. பாமணியாற்றின் கரையில் உள்ள மன்னார்குடியில் இராசகோபாலசுவாமி கோயிலின் நெடுமதில் ஓங்கி நிற்கின்றது. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவாரூரில் ஆழித்தேர் அசைந்து வருகின்றது. இவ்விரண்டும் காண்பவர் கண்ணைக் கவர்வன. எண்ணிப் பார்ப்பவர் உள்ளத்திலோ ஒரு வினாவை எழுப்புவன. எங்கு நோக்கினும் நெல்வயலும் வண்டல் மண்ணுமாக விளங்கும் இந்நாட்டில் மலை இல்லை, பாறையும் இல்லை. வேற்றிடத்திலிருந்து கொணர்ந்த பெருங்கற்களை மனிதர் எங்ஙனம் உயர ஏற்றினர்? மலைபோன்ற தேரை எங்ஙனம் அசைத்தனர்? மனிதனுடைய தோள்வலிமை மட்டும் இவற்றைச் செய்துவிடாது. அவனுடைய அறிவு கண்ட எளிய கருவிகளே அவனுக்குத் துணைநின்றன. அவற்றுள் தலையாயது நெம்புகோல்.

நெம்புகோல் என்பது யாது? ஓரிடத்தில் ஊன்றி, ஒரு முனையை அழுத்தினால் மறுமுனையில் உள்ள பொருளை உயர்த்தும் கோலே நெம்புகோல். கோல் ஊன்றும் இடத்தை ஆதாரம் என்பர். ஆதாரத்திற்கும் பளுவிற்கும் இடையே உள்ள தொலைவு குறுகியும், ஆதாரத்திற்கும் கைக்கும் இடையே உள்ள தொலைவு நீண்டும் இருந்தால், சிறிய விசை பெரிய பளுவை உயர்த்தும். இவ்வுண்மையைக் கணக்கிட்டு நிறுவியவர் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு. அவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்தவர். ஆனால் கணக்கு அறியாத உழவரும் தச்சரும் இதனைக் கைப்பழக்கத்தால் நன்கு அறிந்திருந்தனர். பம்புசெட்டு வருவதற்கு முன்னர்க் கிணற்று நீரை இறைத்த ஏற்றம் ஒரு நெம்புகோலே. மாட்டுவண்டியின் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சுக்கு மை இட வேண்டியபோது, ஒருவர் நீண்ட கழியால் அச்சை நெம்பி உயர்த்துவார். மற்றொருவர் அதன்கீழ் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார். முட்டு நின்ற பின்னரே நெம்பியவர் தம் கையை எடுப்பார்.

இங்கு ஒன்றை நோக்குதல் வேண்டும். அச்சை உயர்த்தியது கழி. உயர்ந்த அச்சைத் தாங்கி நின்றதோ கட்டை. கழி இல்லையேல் அச்சு எழாது. கட்டை இல்லையேல் எழுந்த அச்சு நில்லாது. உயர்த்துதல் ஒரு வேலை. உயர்ந்ததைக் காத்தல் மற்றொரு வேலை.

தேரோட்டத்தில் இவ்வுண்மை மேலும் தெளிவாக விளங்கும். அலங்காரம் செய்யப்பெற்ற ஆழித்தேர் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது என்பர். நின்ற தேரை வடம் பிடிப்போரால் மட்டும் அசைத்துவிட இயலாது. அதனால் சக்கரங்களின் பின்னே பெருமரங்களை வைத்து நெம்புவது பண்டைய வழக்கம். நெம்பு தேரை முன்னே தள்ளும். வடம் அதனை இழுத்துச் செல்லும். ஆனால் ஓடத் தொடங்கிய தேரை வேண்டிய இடத்தில் நிறுத்துவது எங்ஙனம்? அதற்கு உதவுவது முட்டுக்கட்டை. சக்கரத்தின் முன்னே அதனை இடுபவர் உயிருக்கு அஞ்சாத நெஞ்சமும், இமைப்பொழுதும் தவறாத கண்ணும் உடையவராதல் வேண்டும். அவர் கை ஒருமுறை பிழைத்தால் தேர் வீதியோரத்து வீட்டின்மேல் பாயும். வடம் பிடித்தவர்மேலும் ஏறும்.

பேச்சு வழக்கில் நற்செயலைத் தடுப்பவனைப் பார்த்து, “முட்டுக்கட்டை போடுகிறான்” என்று பழிக்கின்றோம். தேரோட்டத்திலோ முட்டுக்கட்டை பழிக்கத்தக்க பொருள் அன்று; அதுவே காவல். 1948ஆம் ஆண்டிற்குப் பின்னர் ஓடாது நின்றிருந்த ஆழித்தேர் 1970ஆம் ஆண்டில் மீண்டும் ஓடியது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் அத்தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் பொருத்தியதோடு அமையாமல், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தடைக்கருவிகளையும் அமைத்துத் தந்தனர். நெம்புமரங்களுக்கு மாறாக இக்காலத்தில் புல்டோசர்கள் தேரைப் பின்னின்று உந்துகின்றன. உந்தும் ஆற்றல் பெருகியபோது, தடுக்கும் ஆற்றலும் உடன் பெருக வேண்டியதாயிற்று.

நெம்புகோல், முட்டுக்கட்டை ஆகிய இரண்டின் வேலையையும் ஒருங்கே செய்யும் கருவி ஒன்று உண்டு. பட்டறைகளிலும் சாலைகளிலும் மக்கள் அதனை ஜாக்கி என்று வழங்குவர். மோட்டார் வண்டியின் சக்கரத்தை மாற்றும்போதும், வயலிலிருந்து நெல் ஏற்றிவரும் டிராக்டரின் இழுவைப்பெட்டி பழுதுறும்போதும், தேரின் அச்சைச் செப்பனிடும்போதும் அது பயன்படுகின்றது. ஜாக்கிகளுள் பலவகை உண்டு. அவற்றுள் நெம்புகோலால் இயங்கும் பற்சட்ட ஜாக்கியின் அமைப்பை அறிந்தால், ஒரு கருவி எவ்வாறு திருத்தம் பெறுகின்றது என்பதும் விளங்கும்.

நிமிர்ந்து நிற்கும் இரும்புச் சட்டம் ஒன்றில் ஏணிப்படிகள் போலப் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அச்சட்டத்தைத் தழுவியபடி ஒரு கூடு மேலும் கீழும் நகரும். பளுவைத் தாங்கும் கொக்கி அக்கூட்டில் உள்ளது. கூட்டினுள் இரண்டு இரும்பு நாக்குகள் உண்டு. ஒன்று தூக்கும் நாக்கு. மற்றொன்று தடுக்கும் நாக்கு. கைப்பிடியை அழுத்தும்போது தூக்கும் நாக்கு ஒரு பல்லை ஊன்றிக்கொண்டு கூட்டை உயர்த்தும். கூடு ஒரு பல் அளவு உயர்ந்தவுடன் தடுக்கும் நாக்கு அடுத்த பல்லில் விழுந்து, பளு கீழிறங்காதவாறு பிடித்துக்கொள்ளும். கைப்பிடியை மேலே எடுக்கும்போது தூக்கும் நாக்கு அடுத்த பல்லுக்கு ஏறும். தென்னை ஏறுபவர் கையும் காலும் மாறிமாறிப் பற்றி ஏறுவது போல, ஒரு நாக்கு ஏறும்போது மற்றது பற்றி நிற்கும். தூக்கும் நாக்கு நெம்பின் கூறு. தடுக்கும் நாக்கு முட்டின் கூறு.

இதன் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு ஜாக்கியில் ஆதாரத்திலிருந்து கை வரையுள்ள நீளம் 75 சென்டிமீட்டர்; ஆதாரத்திலிருந்து பளு வரையுள்ள நீளம் 2.5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முன்னது பின்னதைப்போல 30 மடங்கு. ஆகவே, 900 கிலோகிராம் பளுவை உயர்த்தக் கையில் 30 கிலோகிராம் விசை போதும். பளுவோ ஒரு முறைக்கு 2 சென்டிமீட்டர் உயர்வதற்குக் கை 60 சென்டிமீட்டர் நகர்தல் வேண்டும். வண்டியை 30 சென்டிமீட்டர் உயர்த்த 15 முறை அழுத்த வேண்டும். அதற்குள் கை 9 மீட்டர் நகர்ந்துவிடும். விசையில் பெற்ற ஊதியத்தைத் தொலைவில் ஈடு செய்தாக வேண்டும். இயற்கை எவருக்கும் இலவசமாக எதனையும் அளிப்பதில்லை. உராய்வினால் ஏற்படும் இழப்பை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அதனையும் சேர்த்தால் கை இன்னும் சற்று மிகுதியாக உழைக்க நேரும்.

இத்தகைய ஜாக்கியைத் திருத்த முற்படுபவர் முதலில் கைப்பிடியை நீட்டவே எண்ணுவர். கைப்பிடி இருமடங்கு நீண்டால் விசை பாதியாகும் என்பது மெய்யே. ஆனால், நீண்ட கைப்பிடி வளையும். அதனைச் சுழற்றப் போதிய இடம் இராது. தூக்கிச் செல்வதும் கடினம். மேலும், அளவு மீறிய பளுவையும் ஏற்றிவிடலாம் என்னும் துணிவை அது பயன்படுத்துபவருக்கு அளிக்கும். பட்டறைகளில் சிலர் கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி அழுத்துவதுண்டு. அவ்வாறு அழுத்தும்போது அவர்தம் கைக்கு எளிதாகத் தோன்றும் பளு, ஜாக்கியின் பல்லையும் நாக்கையும் முன்போலவே தாக்குகின்றது. குழாய் கைக்குத் துணை செய்ததேயன்றி, பல்லுக்குத் துணை செய்யவில்லை. ஆகவே, உண்மையான திருத்தம் கைப்பிடியில் தொடங்குவதன்று. பல்லிலும் நாக்கிலும் தொடங்குவது.

பற்களுக்கிடையே உள்ள தொலைவு 12 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பளு 11 மில்லிமீட்டர் உயர்ந்த நிலையில் கை நழுவினால், தடுக்கும் நாக்கு இன்னும் புதிய பல்லைப் பற்றவில்லை. பளு அந்த 11 மில்லிமீட்டரும் கீழே விழும். இது சிறிய வீழ்ச்சிதானே என்று கருதுதல் கூடாது. மெல்ல வைக்கப்பட்ட பளுவைவிடத் திடீரென விடப்பட்ட பளு இருமடங்கு தாக்கும் என்பது பொறியியலார் கணக்கு. விழும் உயரம் கூடக்கூடத் தாக்குதலும் கூடும். நின்ற பளுவைத் தாங்கிய பல் விழுந்த பளுவால் முறிதல் கூடும்.

இதற்குப் பற்களை நெருக்கமாக வெட்டுவது ஒரு வழி. ஆனால், நெருங்கிய பல் மெலிந்த பல்லாகும். மெலிந்த பல் பெரும்பளுவைத் தாங்காது. வலிமையை நாடினால் வீழ்ச்சி மிகுகின்றது. வீழ்ச்சியைக் குறைத்தால் வலிமை குன்றுகின்றது. இவ்விடரைத் தீர்க்கப் பொறியியலார் கண்ட வழி நுட்பமானது. பற்களை அகலமாகவே விட்டுவிட்டு, தடுக்கும் நாக்குகளை இரண்டாக்கினர். ஒன்று பல்லில் பதியும்போது மற்றது அரைப்பல் தொலைவில் நிற்குமாறு அவற்றை அமைத்தனர். கூடு 6 மில்லிமீட்டர் உயர்ந்தவுடன் ஏதேனும் ஒரு நாக்கு பற்றிக்கொள்ளும். பல்லின் வலிமை குறையவில்லை, வீழ்ச்சியோ பாதியாயிற்று. ஆயினும், ஒரு நேரத்தில் ஒரு நாக்கே பளுவைத் தாங்குமாதலால், ஒவ்வொரு நாக்கும் முழுப்பளுவையும் தனித்துத் தாங்கவல்லதாக இருத்தல் வேண்டும்.

பல்லின் வடிவமும் கருதத்தக்கது. நாக்கு அமரும் முகம் வெளிப்புறமாகச் சரிந்திருந்தால், பளு அழுத்த அழுத்த நாக்கு வழுக்கி வெளியேறும். அம்முகம் சிறிது உட்புறமாகச் சரிந்திருந்தால், பளுவின் அழுத்தமே நாக்கைப் பல்லினுள் இழுத்துப் பிடிக்கும். பளுவைச் சற்று உயர்த்தினாலன்றி அந்நாக்கை விடுவிக்க இயலாது. தவறுதலாக யாரேனும் விடுவிப்பானைத் தட்டிவிட்டாலும் பளு விழாது. தீமை செய்ய வந்த பளுவையே காவலுக்கு நிறுத்திய திருத்தம் இது.

நாக்கைப் பல்லின்மேல் அழுத்துவதற்கு ஒரு சுருள்வில் உண்டு. ஆற்று நாட்டின் சேறும் தூசியும் அவ்வில்லில் படிந்து துருவேற்றும். துருவேறிய வில் ஒருநாள் முறியும். அன்றைக்கு நாக்கின் நிலை என்ன? நாக்கு தன் எடையாலேயே பல்லினுள் விழுமாறு அதனைச் சாய்த்து அமைத்திருந்தால், வில் முறிந்தாலும் காவல் முறியாது. ஓர் உறுப்பு கெடும்போது கருவி தீமையின் பக்கம் சாயாமல் காவலின் பக்கம் சாய்வதே நல்ல அமைப்பு.

பளுவை இறக்குவது ஏற்றுவதினும் இடர் மிக்கது. ஏற்றும்போது கை பளுவை உந்துகின்றது. இறக்கும்போதோ பளு கையை உந்துகின்றது. பற்சட்ட ஜாக்கியில் பளுவை இறக்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றாவிட்டால், அது மேல்நோக்கி எகிறி முகத்தைத் தாக்கும். முகத்தைக் கைப்பிடியின் வழியினின்று விலக்கி நிற்றல் வேண்டும். இக்குறையை நீக்க உதவுவது திருகு ஜாக்கி. முக்கோணமாக வெட்டிய தாளை எழுதுகோலின்மேல் சுற்றிப் பார்த்தால், திருகு என்பது கம்பத்தைச் சுற்றிய சாய்தளமே என்பது புலனாகும். மிகச் சிறிதே சரிந்த பலகையின்மேல் வைத்த கட்டை உராய்வினால் வழுக்காமல் நிற்பது போல, சரிவு குறைந்த திருகின்மேல் நிற்கும் பளு தானே இறங்காது. கையை எடுத்தாலும் அது நின்ற இடத்தில் நிற்கும். ஆனால், இக்காவலுக்கும் விலை உண்டு. தானே இறங்காத இத்தகைய திருகில், செலுத்திய உழைப்பில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உராய்வுக்கே செலவாகின்றது. வீணாகின்றது என்று நாம் கருதும் உழைப்பே அங்கே முட்டுக்கட்டையாய் நின்று உயிரைக் காக்கின்றது.

திருகு ஜாக்கியின் ஆற்றலை உலகம் வியந்து கண்ட நிகழ்ச்சி அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரில் நிகழ்ந்தது. ஏரிக்கரையில் தாழ்ந்து கிடந்த அந்நகரில் கழிவுநீர் வடியாது தேங்கி, நோய் பரவிற்று. ஆகவே தெருக்களை உயர்த்தவும், கட்டடங்களையும் அவற்றோடு உயர்த்தவும் நகரத்தார் துணிந்தனர். 1860ஆம் ஆண்டில் ஒரு தெருவின் கட்டட வரிசை முழுவதையும் 600 ஆட்கள் 6,000 திருகு ஜாக்கிகளைக் கொண்டு, 5 நாளில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினர். ஒருவர் பொறுப்பில் 10 ஜாக்கிகள் இருந்தன. குறித்த ஒலி கேட்டவுடன் அனைவரும் ஒரே அளவு திருகினர். கட்டடம் எழும்பிக் கொண்டிருந்தபோதே உள்ளே கடைகளில் வாணிகம் நடைபெற்றதாம். இக்காலத்தில் தமிழ்நாட்டிலும், சாலை உயர்ந்ததால் மழைநீர் புகும் வீடுகளை இம்முறையால் உயர்த்துகின்றனர். அங்கும் சிறிது உயர்த்தியவுடன் இடையில் கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்த பின்னரே அடுத்த திருகலைத் தொடங்குவர்.

எண்ணெயின் அழுத்தத்தால் தூக்கும் ஜாக்கியும் உண்டு. மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாசுகல் கண்ட உண்மை. அவ்வுண்மையைக் கொண்டு ஆங்கிலேயரான பிராமா என்பவர் 1795ஆம் ஆண்டில் நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். 1851ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து டட்ஜன் என்பவர் அதனை எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கியாக்கினார். இது மிகுந்த பளுவை எளிதாகத் தூக்கும். ஆனால் எண்ணெயைக் காக்கும் வளையம் தேய்ந்தால், ஓசையின்றிப் பளு மெல்ல இறங்கும். ஆகவே இதற்கும் முட்டு இன்றியமையாதது.

ஜாக்கியின் உறுப்புகள் யாவும் செம்மையாக இருந்தாலும், அது நிற்கும் நிலம் நெகிழ்ந்தால் பயன் இல்லை. மன்னார்குடி வட்டாரத்து வயல்மண் மழையில் ஊறினால் காலை உள்வாங்கும் களிமண்ணாகும். ஜாக்கியின் அடித்தட்டு 15 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடையதாயின், அதன் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். பளு முழுவதும் அச்சிறு பரப்பின்மேல் அழுந்தும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மாறாகத் தானே சேற்றில் இறங்கும். ஒருபுறம் சாய்ந்தால் வண்டியும் உடன் சாயும். அதன் அடியில் 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தடித்த பலகையை இட்டால், பரப்பு 1,800 சதுர சென்டிமீட்டராகும். மண்ணின்மேல் விழும் அழுத்தம் 12இல் ஒரு பங்காகக் குறையும். அகன்ற அடித்தட்டைக் கருவியோடே பொருத்தி அமைப்பது எளிய திருத்தம், பயனோ பெரிது.

அளவு மீறிய பளுவிற்கும் காவல் அமைத்தல் கூடும். மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. முறிவது தவிர்க்க இயலாததாயின், தீங்கு செய்யாத உறுப்பே முதலில் முறியுமாறு அமைப்பது அறிவுடைமை. கைப்பிடியின் இணைப்பில் குறித்த விசைக்குமேல் தாங்காத சிறு ஆணி ஒன்றைப் பொருத்தலாம். பளு எல்லை கடந்தால் அவ்வாணி முறியும். கைப்பிடி மேலும் தூக்காது. தடுக்கும் நாக்கோ பளுவை விடாது பற்றி நிற்கும். ஆணியின் விலை சிறிது. அதனால் தப்பும் உயிரின் விலை அளவிடற்கரியது.

இத்திருத்தங்களை ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நெம்புகோலின் விதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. அரைப்பல் நாக்கு, உட்சரிந்த பல், தன் எடையால் விழும் நாக்கு, தானே இறங்காத திருகு, அகன்ற அடித்தட்டு, முதலில் முறியும் ஆணி ஆகிய யாவும் தூக்கும் ஆற்றலைப் பெருக்க வந்தவை அல்ல. தூக்கியதைக் காக்க வந்தவை. கருவி செய்வோர் “எவ்வளவு தூக்கும்?” என்று கேட்பதோடு நில்லாமல், “கை நழுவினால் என்னாகும்? வில் முறிந்தால் என்னாகும்? நிலம் நெகிழ்ந்தால் என்னாகும்?” என்றும் கேட்டுப் பழகினர். அக்கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளே இத்திருத்தங்கள்.

கருவியைப் பயன்படுத்துவோருக்கும் கடமை உண்டு. வண்டியை உயர்த்துமுன் தரையில் நிற்கும் மற்றைச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ இடுதல் வேண்டும். ஜாக்கியில் எழுதியுள்ள அளவை அறிந்து பளுவை ஏற்றுதல் வேண்டும். உயர்த்திய பின்னர் உறுதியான தாங்கியை முட்டுக் கொடுத்தல் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு உரியது. நெடுநேரம் தாங்குவதற்கு உரியது அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ் ஒருகாலும் நுழைதல் ஆகாது. இவற்றைச் செய்யச் சில நிமிடங்களே ஆகும். அச்சில நிமிடங்களைச் சேமிக்க எண்ணி உயிரிழந்தவர் பலர்.

மக்கள் தங்கள் வாழ்வை உயர்த்தும் முயற்சியிலும் இவ்வுண்மை பொருந்தும். கல்வியாலும் உழைப்பாலும் உயர்ந்தவன், அவ்வுயர்வைக் காக்கும் ஒழுக்கத்தையும் உடன் பெறுதல் வேண்டும். நெம்புகோலைக் கையில் எடுப்பவன் முட்டுக்கட்டையையும் அருகில் வைத்துக்கொள்ளக் கடவன்.